சான்றிதழும் சம்மதமும்

(ஆமத்தூரில் கல்லூரி மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம், எத்திக்கல் ஹேக்கர், அதாவது உரியவர் சம்மதத்தோடு கணிப்பொறிக்குள் புகுந்து குறை காண்பவர், என்ற சான்றிதழைப் பெறுவது எவ்வாறு என்பது. அந்த வினாவுக்கு விடை கூற அதிக நேரம் வேண்டியதில்லை; எந்தப் பயிற்சி நிலையத்தின் விளம்பரத் துண்டை எடுத்தாலும் அதில் விடை இருக்கிறது, கூடவே நூற்றுக்கு நூறு வேலை உத்தரவாதம் என்ற வாக்குறுதியும் இருக்கிறது. வாக்குறுதியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பின்வரிசையில் இருக்கும் உங்கள் தகப்பனாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் தீபாவளிக்குத் தீபாவளி எத்தனையோ வாக்குறுதிகளைக் கேட்டவர்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. ஒருவருக்கு ஒரு வித்தை தெரியும் என்று சான்று கூறுவது ஒன்று. அவ்வித்தையை இன்ன இடத்தில், இன்ன அளவுக்குப் பிரயோகிக்கலாம் என்று பொருளுக்கு உடையவர் சம்மதம் கூறுவது மற்றொன்று. சம்மதம் பெற்று வேலையில் இறங்கிய பிறகு எந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவரே தமக்குச் சொல்லிக்கொள்வது இன்னொன்று. கடைசியாகச் சொன்னதுதான் கடினம், அதைப் பற்றித்தான் பேசுவோர் குறைவு. ஆகையால் இன்றைய நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே செலவிட உத்தேசித்திருக்கிறேன்.

ஆமத்தூரில் நின்று இதைப் பேசுவதில் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் உள்ள இவ்வூரில், பட்டாசு ஆலையின் போர்மேன் என்பவர் யார் என்று நான் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாக்பூர் உரிமம் என்றால் என்ன, டி.ஆர்.ஓ. உரிமம் என்றால் என்ன, மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், இன்று கலந்து மிஞ்சிய மருந்தை ஏன் நாளைக்கு வைத்திருக்கக் கூடாது என்பவையெல்லாம் மற்ற ஊர்களில் சட்டப் புத்தகங்களில் உறங்கும் செய்திகளாக இருக்க, இங்கே அவை வீட்டுத் திண்ணையில் பேசப்படும் செய்திகளாக இருக்கின்றன. போர்மேன் ஆவதற்கும் தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. ஆயினும், ஆலையில் அசம்பாவிதம் ஏதேனும் நேர்ந்துவிட்டால், அன்று மாலையே உரிமையாளரோடு சேர்த்துப் போலீசார் தேடிக்கொண்டு வருவது அந்தப் போர்மேனைத்தான். உன்னிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றவுடன் அவரை விட்டுவிடுவதில்லை. அந்த அறையில் காலையில் எத்தனை பேரை உட்கார வைத்தாய் என்று கேட்கிறார்கள்.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் 40-ஐ ஒட்டிய உயிர்கள் போனதை இங்குள்ளோர் மறந்திருக்க முடியாது. 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மறுபடியும் பல உயிர்கள் போயின. இத்தகைய விபத்துகளின் விசாரணைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துப் பார்ப்பவருக்கு, ரசாயனம் தெரியாததால் நேர்ந்த விபத்து என்று சொல்லத்தக்கவை அபூர்வமாகவே தென்படும். அனுமதித்ததற்கு மேல் ஆட்கள், அனுமதித்ததற்கு மேல் மருந்து, உரிமம் ஒருவர் பெயரிலிருக்க உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர் என்ற சங்கதிகளே திரும்பத் திரும்ப வரும். வரம்பு எது என்று அறிந்தவர்களே வரம்பைக் கடந்திருக்கிறார்கள். கணிப்பொறிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் என் தொழிலிலும் நான் பார்த்த வரையில் கெட்டுப்போனவர்கள் வித்தை போதாமல் கெட்டவர்களாக இல்லை.

இனி, சான்றிதழைப் பற்றி. சி.இ.எச். என்று சுருக்கமாக வழங்கும் சான்றிதழை இ.சி. கவுன்சில் என்ற ஸ்தாபனம் தருகிறது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி நடந்த தாக்குதல்களுக்குப் பின், இதேபோன்ற தாக்குதல் கணிப்பொறி வழியாக வந்தால் என்ன ஆகும் என்ற கவலையில் தோன்றிய ஸ்தாபனம் அது. தேர்வில் 4 மணி நேரத்துக்குள் 125 வினாக்கள். தரப்பட்ட விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேண்டுவோர் அதற்கு மேல் 6 மணி நேரச் செய்முறைத் தேர்வு ஒன்றும் எழுதலாம். அதில் 20 பணிகள். முதலில் சொன்ன தேர்வை எழுத, ஒன்று, அவர்களுடைய அதிகாரபூர்வமான பயிற்சியைப் பெற்றிருக்க வேண்டும். அன்றேல் இத்துறையில் 2 ஆண்டு அனுபவம் உண்டென்று காட்ட வேண்டும். பெற்ற சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் தொடர்ந்து கற்றதற்கு அடையாளமாக 120 புள்ளிகள் சேர்த்தால்தான் அது புதுப்பிக்கப்படும். கட்டணத்தை நான் சொல்லப் போவதில்லை. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் ஒருவருடைய பல மாதக் கூலி என்று சொன்னால், யாருக்குப் புரிய வேண்டுமோ அவர்களுக்குப் புரியும்.

இப்பாடத்திட்டம் ஹேக்கரின் வேலையை ஐந்து கட்டங்களாகப் பிரித்துச் சொல்கிறது: வேவு பார்த்தல், துழாவுதல், உட்புகுதல், உள்ளே நிலைத்திருத்தல், தடம் அழித்தல். முதல் நான்கையும் பாதுகாவலர் கற்க வேண்டியதன் அவசியம் வெளிப்படை. ஐந்தாவதைக் கேட்டதும் ஒரு தகப்பனாருக்கு, என் பிள்ளைக்கு இதை எதற்கையா சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றினால் அது மிக நியாயமான கேள்வி. திருடன் தடத்தை எங்ஙனம் அழிப்பான் என்று அறியாதவரால் அழிந்த தடத்தை மீட்க முடியாது என்பதுதான் விடை. ஆனால் தம் கையால் வேலை செய்யும்போது சம்மதம் பெற்ற பரிசோதகர் கடைப்பிடிக்க வேண்டிய முறை இதற்கு நேர் மாறானது. எத்தனை மணிக்கு எந்தக் கட்டளையைப் பிறப்பித்தோம், அதற்குக் கணிப்பொறி என்ன பதில் தந்தது என்பதை நிமிஷவாரியாகக் குறித்து வைக்க வேண்டும். குறிப்பில் சேர்க்கக் கூச்சப்படுகிற ஒரு காரியத்தைச் செய்ய நேர்ந்தால், அக்காரியத்தைச் செய்திருக்கக் கூடாது.

சான்றிதழ் எதற்குச் சாட்சி சொல்லாது என்பதற்கு ஒரு சரித்திரம் சொல்லுகிறேன். அமெரிக்க உளவுத்துறைக்கு ஒப்பந்த ஊழியராக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன், 2010-இல் டில்லிக்கு வந்திருந்தபோது இந்த எத்திக்கல் ஹேக்கிங் பயிற்சியை நம் நாட்டிலேயே பெற்றுச் சென்றார். 2013-இல் அவர் தம் அரசாங்கத்தின் ரகசிய ஆவணங்களை உலகறிய வெளியிட்டார். செய்தது தர்மமா துரோகமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை, அதை இந்த மேடையில் ஓய்விக்க நான் முயலப் போவதுமில்லை. 2014 பிப்ரவரியில், சான்றிதழ் தரும் இ.சி. கவுன்சிலின் இணையதளத்தையே யாரோ தாக்கி, அதன் முகப்பில் ஸ்னோடனுடைய பாஸ்போர்ட் படத்தைப் பதித்துவிட்டுப் போனார்கள். சான்றிதழ் பெற்றவர் பின்னாளில் என்ன செய்வார் என்பதையோ, சான்றிதழ் கொடுத்தவர் தம்மைக் காத்துக்கொள்வாரா என்பதையோ, அந்தக் காகிதத்தைப் பார்த்து எவரும் ஜோசியம் சொல்லியிருக்க முடியாது.

ஓ.எஸ்.சி.பி. என்ற மற்றொரு தேர்வும் உண்டு. என் அபிப்பிராயத்தில் அதுவே மதிப்பு மிக்கது. 23 மணி 45 நிமிட நேரம், கண்காணிப்புக் கேமராவின் முன்னே, தெரிவு விடைகள் ஏதுமின்றி, தரப்பட்ட கணிப்பொறிகளுக்குள் உண்மையாகவே புக வேண்டும். அது முடிந்ததும் அடுத்த 24 மணி நேரத்துக்குள், எப்படிப் புகுந்தோம் என்பதை வேறொருவர் படித்து அப்படியே செய்து பார்க்கும் வண்ணம் அறிக்கை எழுதித் தர வேண்டும். உட்புகுவதில் வென்றும் அறிக்கையில் தோற்றவர்கள் உண்டு. நம் பிள்ளைகள் கருவிகளைக் கற்பதற்குச் செலவிடும் காலத்தில் கால் பங்கைத் தெளிவாக எழுதக் கற்பதில் செலவிட்டால் நல்லது என்று நான் போகுமிடமெல்லாம் சொல்லி வருகிறேன். கைதட்டுகிறார்கள், செய்வதாகத் தெரியவில்லை.

பணம் கட்ட முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். சோதனைக் கருவிகள் அடங்கிய காளி லினக்ஸ் என்ற இயங்குதளம் இலவசம். ஓவாஸ்ப் என்ற சங்கத்தார், உடைத்துப் பழகுவதற்கென்றே வேண்டுமென்று குறைகளோடு தயாரித்து வைத்திருக்கும் ஜூஸ் ஷாப் என்ற போலிக் கடைத் தளம் இலவசம். ஒரு பழைய லேப்டாப்பில் இரண்டையும் ஏற்றி, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் சொந்தப் பொருளின்மேல் இரவு முழுவதும் உங்கள் சாமர்த்தியத்தைக் காட்டுங்கள். கேட்பார் ஒருவரும் இல்லை.

பிறர் பொருளின்மேல் காட்டப் புறப்படும்போதுதான் சட்டம் குறுக்கே வருகிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஆவது பிரிவு, உரிமையாளருடைய அல்லது பொறுப்பாளருடைய அனுமதியின்றி ஒரு கணிப்பொறிக்குள் செல்வதையே இழப்பீட்டுக்கு உரிய செயலாகக் கருதுகிறது. அங்கே உங்கள் எண்ணம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே எழவில்லை. அதே செயலை நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் 66-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட அமைப்பு என்று அறிவித்துவிட்ட கணிப்பொறிகளின் விஷயத்தில் 70-ஆவது பிரிவு, உள்ளே போக முயன்றதற்கே 10 ஆண்டு வரை சிறை என்கிறது. நல்லெண்ணத்தோடு குறை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு விலக்கு என்று ஒரு வரியும் இச்சட்டத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் என் அபிப்பிராயம் நீதிமன்றத்தில் உங்களுக்கு ஜாமீன் வாங்கித் தராது.

இந்த இடத்தில் தாம்பரத்துப் பள்ளி மாணவர் ஒருவரின் செயலை நினைவுகூர வேண்டும். 2021-இல் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவர், ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ரயில் டிக்கெட் பதிவு செய்யப் போன சமயத்தில், தம்முடைய பரிவர்த்தனை எண்ணை மாற்றினால் வேறு பயணிகளுடைய பெயர், வயது, பயண விவரம் எல்லாம் தெரிவதைக் கண்டார். பிறருடைய உணவு ஏற்பாட்டை மாற்றலாம், ஏறும் நிலையத்தை மாற்றலாம், டிக்கெட்டை ரத்துகூடச் செய்யலாம் என்கிற அளவுக்குப் பெரிய குறை அது. ஆகஸ்ட் 30-ஆம் தேதி அவர் அதை மத்திய அரசின் கணிப்பொறி அவசர உதவி அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதி அனுப்பினார். சில நாட்களுக்குள் குறை நீக்கப்பட்டது.

சட்டப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால், சம்மதமின்றிப் பிறர் விவரத்தைப் பார்த்தது பார்த்ததுதான் என்று ஒரு வக்கீல் வாதிக்கக்கூடும். நான் அந்த வாதத்தைப் பொருட்படுத்தாமல் இல்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டதைப் பார்ப்பதற்கும், பட்டது உண்மையா என்று உறுதி செய்ய இன்னும் ஒரு முறை பார்ப்பதற்கும், உண்மை என்று தெரிந்த பின்னும் வேடிக்கைக்காக ஆயிரம் முறை பார்ப்பதற்கும் இடையே உள்ள தூரத்தைச் சட்டம் சரியாக அளந்து வைக்கவில்லை. ஆகவே அந்தத் தூரத்தைத் தாமே அளந்துகொள்ளும் பொறுப்பு அந்தப் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்தது. அவர் அதைச் சுமந்த விதம் எனக்குத் திருப்தி அளிக்கிறது.

சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா என்ற ஆராய்ச்சியாளரின் கதை இன்னும் நுட்பமானது. இவர் 2015-இலேயே, ஃபேஸ்புக்கில் பிறருடைய புகைப்படத் தொகுப்புகளை அழித்துவிடக்கூடிய குறையை அந்த நிறுவனத்துக்குத் தெரிவித்து 12,500 டாலர் வெகுமதி பெற்றவர். 2019-இல் இன்ஸ்டாகிராமை எடுத்துக்கொண்டார். கடவுச்சொல்லை மறந்தவருக்கு அத்தளம் அப்போது கைபேசியில் 6 இலக்க எண் ஒன்றை அனுப்பி வந்தது. அந்த எண் 10 நிமிஷம் செல்லுபடியானது. ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம் சாத்தியங்கள். பத்து நிமிஷத்துக்குள் பத்து லட்சத்தையும் முயன்று பார்க்க எவரையும் விடமாட்டோம் என்பதுதான் நிறுவனத்தின் நம்பிக்கை. ஒரே இணைய முகவரியிலிருந்து முயன்றால் சில நூறு முயற்சிகளுக்குப் பிறகு தடை விழுகிறது என்பதைக் கண்ட முத்தையா, பல முகவரிகளிலிருந்து ஒரே சமயத்தில் முயன்றால் தடை விழுவதில்லை என்பதையும் கண்டார். ஆயிரம் முகவரிகளைக் கொண்டு 2 லட்சம் எண்களை அனுப்பிப் பார்த்தார். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. ஐயாயிரம் முகவரிகள் இருந்தால் முழுவதும் முடிந்துவிடும், அதற்கு வாடகைக் கணிப்பொறிகளுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 150 டாலர்தான் என்று கணக்கிட்டுச் சொன்னார். ஒரு பங்கு நடந்தால் ஐந்து பங்கும் நடக்கும் என்று நிரூபணமாகிவிட்ட பின் மிச்ச எட்டு லட்சம் எதற்கு?

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி, அவர் முதலில் அனுப்பிய அறிக்கையை வைத்துக்கொண்டு நிறுவனத்தாரால் அதைச் செய்து பார்க்க முடியவில்லை என்பது. விவரம் போதவில்லை. அதற்காக அவர் கோபித்துக்கொண்டு, இவர்களுக்குப் புத்தி வரட்டும் என்று எவருடைய கணக்கிலும் புகுந்து காட்டவில்லை. மறுபடியும் எழுதினார், செய்முறையைப் படமெடுத்து அனுப்பினார், ஒப்புக்கொள்ள வைத்தார். வெகுமதி 30,000 டாலர். அடுத்து 2021-இல் மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் இதையொத்த ஒரு குறையைக் காட்டி 50,000 டாலர் பெற்றார். இந்தத் தொகைகளைக் கேட்டதும் முன்வரிசையில் சில கண்கள் விரிவதைப் பார்க்கிறேன். அந்த நிறுவனங்கள், எங்கள் தளத்தில் குறை தேடலாம், இன்ன விதிக்குட்பட்டுத் தேடலாம், கண்டால் இன்ன வெகுமதி என்று முன்கூட்டியே எழுதி வெளியிட்டிருந்தன. வெகுமதிக்கு ஆசைப்பட்டு அவ்விதம் எழுதி வெளியிடாத ஒரு கூட்டுறவு வங்கியின் தளத்திலோ, நம்மூர் நகை மாளிகையின் தளத்திலோ இறங்கினால் தபாலில் டாலர் வராது, வக்கீல் நோட்டீஸ் வரும்.

சம்மதம் பெற்ற வேலை எப்படி இருக்கும் என்று சிலர் கேட்டார்கள். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். உரிமையாளர் பெரியவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அச்சகத்தின் கடிதத்தாளில் அவர் கையெழுத்திட்டுத் தந்த சம்மதத்தில், பில் போடும் கணிப்பொறி, கணக்கு சர்வர், டிசைன் அறையின் சேமிப்புக் கருவி ஆகிய மூன்றையும் சோதிக்கலாம், சனிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு மாலைக்குள் முடிக்க வேண்டும், ஏதேனும் நின்றுபோனால் மேனேஜரை இன்ன எண்ணில் அழைக்க வேண்டும், உரிமையாளரின் சொந்தக் கணிப்பொறியைத் தொடக்கூடாது என்று எழுதியிருந்தது. பில் போடும் கணிப்பொறியின் கடவுச்சொல், அவர்களே அச்சடித்த தினசரிக் காலண்டரின் தாள் ஒன்றின் பின்புறம் எழுதப்பட்டு மானிட்டரில் ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எங்கும் உள்ள கதை. கணக்கு சர்வருக்குள் சென்ற பிறகுதான் விஷயம் ருசிப்பட்டது. அங்கிருந்து அண்ணாச்சியின் சொந்தக் கணிப்பொறிக்கு யாரோ எப்போதோ ஓர் இணைப்பு வைத்திருந்தார்கள். திரையில் அதன் கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. பத்திரம் என்று ஒன்று. ஸ்கேன் ரிப்போர்ட் என்று ஒன்று.

பெயர்களோடு நிறுத்திக்கொண்டு, இங்கிருந்து அங்கே போக வழி இருக்கிறது, போகவில்லை, இணைப்பை உடனே அகற்றவும் என்று அறிக்கையில் எழுதினேன். திங்கட்கிழமை அண்ணாச்சி அறிக்கையைப் படித்துவிட்டு, “உள்ள போய்ப் பாத்தீகளா தம்பி?” என்றார். “இல்லை அண்ணாச்சி” என்றேன். “பாக்காம எப்படி வழி இருக்குன்னு எழுதுனீக?” என்று அவர் கேட்டது, எந்தத் தேர்விலும் நான் சந்திக்காத கேள்வி. பெயர் தெரிந்தாலே வழி இருப்பது ருசுவாகிவிடுகிறது என்றும், கோப்பைத் திறந்தால் அந்த ருசுவுக்கு எதுவும் கூடப் போவதில்லை, எனக்கு மட்டும் தெரியக்கூடாத ஒன்று தெரிந்திருக்கும் என்றும் சொன்னேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னார். நம்பினாரா என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் நிமிஷவாரிக் குறிப்பு அறிக்கையோடு இணைக்கப்பட்டிருந்தது, விரும்பினால் அவர் வேறொருவரைக் கொண்டு சரிபார்த்திருக்கலாம்.

சம்மதம் தருபவருக்கு அதைத் தரும் அதிகாரம் உண்டா என்பது தனிக் கேள்வி. 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கோல்ஃபயர் என்ற நிறுவனத்தின் இரு ஊழியர்கள், மாநில நீதித்துறை நிர்வாகத்தின் எழுத்து மூலமான ஒப்பந்தத்தின்படி, டல்லாஸ் கவுண்டி (அதாவது மாவட்ட) நீதிமன்றக் கட்டடத்தின் பாதுகாப்பைச் சோதிக்க நள்ளிரவில் உள்ளே சென்றார்கள். எச்சரிக்கை மணி ஒலித்தது. ஓடாமல் அங்கேயே நின்று, வந்த போலீசாரிடம் கடிதத்தைக் காட்டினார்கள். உள்ளூர்க் காவல் தலைவரோ, கட்டடம் கவுண்டிக்குச் சொந்தம், மாநில நிர்வாகம் யார் அனுமதி கொடுக்க என்று சொல்லி இருவரையும் கைது செய்துவிட்டார். 2020 ஜனவரியில்தான் வழக்கு கைவிடப்பட்டது. உள்குத்தகைக்காரர் கையெழுத்திட்ட காகிதத்துக்கு என்ன மரியாதை என்று இந்த வட்டாரத்தில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கல்லூரி முதல்வரே கையெழுத்திட்டுக் கொடுத்தாலும், கல்லூரித் தளம் இருக்கும் சர்வர் வேறொரு நிறுவனத்துடையது என்றால், அந்த நிறுவனத்தின் விதிகளையும் பார்த்தாக வேண்டும்.

சம்மதமே கேளாதவர் ஒருவரின் கதையும் உண்டு. இன்டெல் நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியராக இருந்த ராண்டல் ஷ்வார்ட்ஸ் என்ற நிபுணர், தாம் வேலையை விட்டு நீங்கிய ஒரு பிரிவின் கடவுச்சொற்கள் எளிதில் உடையக்கூடியவையா என்று எவரையும் கேட்காமலே சோதித்துப் பார்த்ததற்காக 1995-இல் ஆரிகன் மாநில நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 2007-இல் அந்தத் தண்டனைப் பதிவு நீக்கப்பட்டது. இடையில் போன பன்னிரண்டு ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

இதுவரை குறை காண்பவரின் ஒழுக்கத்தையே பேசினேன். குறையைக் கேட்டுக்கொள்ள வேண்டியவருக்கும் ஒழுக்கம் உண்டு. நமக்குத் தெற்கே, கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019-இல் நடந்ததைப் பாருங்கள். வெளியார் ஒருவர் கண்டறிந்த அபாயக் குறி செப்டம்பர் தொடக்கத்திலேயே அரசாங்கத்தின் காதுக்கு எட்டியது. செர்ட்-இன் செப்டம்பர் 4-ஆம் தேதி அணுமின் கழகத்துக்குத் தகவல் தந்தது. பொதுமக்களுக்கு ஒன்றும் தெரியாது. அக்டோபர் 28-ஆம் தேதி, முன்பு அரசுத் துறையில் பணியாற்றிய புக்ராஜ் சிங் என்ற பாதுகாப்பு நிபுணர் அதை ட்விட்டரில் வெளியிட்டார். மறுநாள் நிலையத்தின் சார்பில் வந்த அறிக்கை, எங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குகின்றன, வெளி வலையோடு இணைக்கப்படவில்லை, தாக்குதலுக்கு இடமில்லை என்றது. அதற்கு மறுநாளே, அக்டோபர் 30-ஆம் தேதி, அணுமின் கழகம் ஒரு கணிப்பொறியில் தீய மென்பொருள் காணப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கணிப்பொறி அது, உலையை இயக்கும் வலையோடு அதற்குத் தொடர்பில்லை என்றும் விளக்கியது.

இரண்டாம் நாள் சொன்ன விளக்கம் நியாயமானது. அதையே முதல் நாள் சொல்லியிருந்தால் என்ன நஷ்டம்? கூடங்குளத்தைச் சுற்றி வாழும் மக்கள் அந்த ஒரு நாள் மறுப்பினால், பின்னர் வரும் உண்மையான உறுதிமொழியையும் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டார்கள். புக்ராஜ் சிங் செய்ததையும் நான் முழுமனதாகப் புகழத் தயாரில்லை. அணுமின் நிலையத்தைப் பற்றிய செய்தியை நான்கு சொற்றொடர்களில் ட்விட்டரில் போடுவதால் விளையும் பீதியையும் எண்ண வேண்டும். ஆனால் உரிய இடத்தில் விஷயம் தெரிந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆன பின்பே அது வெளியே வந்தது என்பதை மறந்துவிட்டு அவரைக் குறை கூறுவது நேர்மையாகாது. வருங்காலத்தில் நிர்வாகப் பதவியில் உட்காரப் போகும் மாணவர்கள், மறுப்பு அறிக்கையில் கையெழுத்திடுமுன் உங்கள் தொழில்நுட்பத் துறையாரை ஒரு முறை கூப்பிட்டுக் கேளுங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் சிவகாசிப் பட்டாசு பாதி விலைக்கு என்று போலி இணையதளங்கள் முளைக்கின்றன. பெயரும் படமும் விலைப்பட்டியலும் நம் வியாபாரிகளுடையவை, பணம் போவது மட்டும் வேறெங்கோ. தமிழ்நாடு போலீசின் சைபர் பிரிவு மக்களை எச்சரித்தும் இருக்கிறது. தம் மாமாவின் கடைப் பெயரில் ஒரு போலித் தளத்தைக் கண்ட மாணவர் ஒருவர், “அந்தத் தளத்தை நானே ஒரே ராத்திரியில் முடக்கிவிடுவேன் சார், செய்யலாமா?” என்று என்னிடம் கேட்டார். அவர் கோபம் நியாயமானது, அவரால் முடியும் என்பதும் எனக்குத் தெரியும். செய்யாதே என்றேன். தளம் விழுந்தால் மோசக்காரன் அடுத்த நாள் வேறு பெயரில் தொடங்குவான். ஆனால் பணம் இழந்தவர்களின் பட்டியலும், பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் விவரமும் அந்தத் தளத்தோடு சேர்ந்து அழிந்திருக்கும். பல சமயம் அப்படிப்பட்ட தளம் சம்பந்தமில்லாத வேறொருவருடைய சர்வரில் திருட்டுத்தனமாகக் குடியிருக்கும். அடி விழுவது அந்த அப்பாவியின்மேல். தளத்தின் முகவரி, பணம் கேட்ட கணக்கு எண், பேசிய கைபேசி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசச் சொன்னேன். சில மணி நேரத்துக்குள் சொன்னால் வங்கியில் பணத்தை நிறுத்தி வைக்க வழி பிறக்கக்கூடும். மாமா பேசினார். பணம் முழுவதும் வந்ததா என்று கேட்காதீர்கள்.

இக்கூட்டம் தொடங்குமுன் ஒரு மாணவி என்னிடம் தனியாக வந்து ஒரு சீட்டைக் கொடுத்தார். ஒரு தேர்வுக்கான அனுமதிச் சீட்டைத் தரவிறக்கும் தளத்தில், முகவரியிலுள்ள எண்ணை மாற்றினால் வேறு பெண்களின் புகைப்படமும் கைபேசி எண்ணும் தெரிகின்றன, நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். எந்தத் தளம் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். மாணவியும் இனி எவரிடமும், தோழிகளிடமும்கூட, சொல்ல வேண்டாம். பார்த்தது போதும், இன்னொரு எண்ணை மாற்றிப் பார்க்க வேண்டாம். எடுத்து வைத்திருக்கும் திரைப்பிடிப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலும் முகத்தையும் எண்ணையும் கறுப்பாக மறைத்துவிட்டு, மற்றவற்றை அழித்துவிட வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, முகவரியில் எந்த எண் மாறினால் என்ன தெரிகிறது என்பதை மட்டும் எழுதித் தளத்தின் பொறுப்பாளருக்கும் செர்ட்-இன்னுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். வெகுமதி என்ற சொல்லோ, நடவடிக்கை எடுக்காவிட்டால் பத்திரிகைக்குப் போவேன் என்ற சொல்லோ அதில் வரக்கூடாது, மிரட்டலாகப் படிக்கப்பட்டுவிடும். வரும் பதிலில் ஒரு குறிப்பு எண் இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பதிலே வராவிட்டால் பத்து நாள் கழித்து அதே கடிதத்தை அதே பணிவோடு மறுபடி அனுப்ப வேண்டும். வரைவைத் தமிழிலேயே எழுதி வாருங்கள், அம்மா. கூட்டம் முடிந்ததும் முதல்வர் அறையில் உட்கார்ந்து, உங்கள் தகப்பனாரையும் வைத்துக்கொண்டு, அதைத் திருத்தி இன்றைக்கே அனுப்பிவிடுவோம்.